பை தைக்காத சட்டை

கறுப்புக் கோட்டின் உள்பக்கம் மூன்றாவது பையைத் தைத்துக்கொண்டிருந்தபோது, அண்ணனுக்கு நிகழ்ச்சி பிடித்துக் கொடுக்கிற ஏஜென்ட் வந்தார். வெளியே பார்த்தால் அது கல்யாண மாப்பிள்ளை போடுகிற சாதாரணக் கோட்டுதான். புரட்டிப் பார்த்தால் உள்ளே பைக்கு மேல் பையாக இருக்கும். ஒன்றில் பட்டுத் துணி, உள்ளே போனது வழுக்கி அடிக்கு இறங்க வேண்டும். ஒன்றில் கம்பளித் துணி, சத்தமே வரக் கூடாது. அண்ணன் மேஜிக் மேடையில் இரண்டு கைகளையும் தட்டிக் காட்டி ஒன்றும் இல்லை என்று சிரிக்கும்போது, இருப்பதெல்லாம் நான் தைத்ததில்தான் இருக்கும். பகலில் எனக்குத் துணிக்கடையில் ஆல்டரேஷன் மேசை. இளைத்துவிடுவோம் என்று நம்பிச் சின்ன அளவில் வாங்கிப்போனவர்கள் ஒரு மாதம் கழித்து, யாரும் கேட்காமலேயே காரணம் சொல்லிக்கொண்டு, தையலைப் பிரித்துவிடச் சொல்லி என்னிடம் வருவார்கள். நம்பிக்கை எத்தனை அங்குலம் தாங்கும் என்று என் டேப்புக்கு நன்றாகத் தெரியும்.

ஏஜென்ட் ஜன்னலோர நாற்காலியில் உட்காரப்போனார். அண்ணி எங்கிருந்தோ ஓடிவந்து வேறு நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஜன்னலோரத்து நாற்காலி அம்மாவுடையது. அம்மா போன பிறகு எட்டு மாதமாக அதில் யாரும் உட்காருவதில்லை. யாரும் உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை.

அவர் சுற்றி வளைக்கிற ஆளில்லை. போன இரண்டு நிகழ்ச்சியிலும் ஜனங்கள் சிரிக்க வேண்டிய இடத்தில் சும்மா இருந்தார்கள், சும்மா இருக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள் என்றார். முன்வரிசையில் ஒரு நர்சம்மா, பந்து மறைவதற்கு முன்பே "இதோ இப்ப" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாளாம். சரியாக அப்போதுதான் மறைந்ததாம். அடுத்த மாதம் பெரிய கம்பெனி ஒன்றின் ஆண்டு விழா இருக்கிறது, அதை மட்டும் உங்களுக்கு வைத்திருக்கிறேன், அதிலும் இப்படி ஆனால் பலூன்காரனைத்தான் அனுப்ப வேண்டியிருக்கும் என்றார். "தப்பா எடுத்துக்காதீங்க, புரொபசர்" என்று முடித்தார். பள்ளிக்கூடத்தையே முழுசாக முடிக்காத அண்ணனை ஊரே புரொபசர் என்றுதான் கூப்பிடும். அண்ணன் தலையாட்டினான். அவனுக்கு வேறு வேலை தெரியாது. ஐம்பதை நெருங்கும் வயதில் இனிமேல் கற்றுக்கொள்ளவும் முடியாது. அவர் போன பிறகு வெகுநேரம் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்காக வருத்தப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வருத்தம் வரவில்லை. நூலைக் கடித்து முடிச்சுப் போட்டேன்.

அந்த எட்டு மாதமும் எனக்கு இப்படித்தான். பல் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்ட பிறகு கன்னத்தைத் தொட்டால், யாருடைய கன்னத்தையோ தொடுவது போல இருக்குமே, அது மாதிரி. சாப்பிடுவேன், கடைக்குப் போவேன், அண்ணி ஜோக் சொன்னால் சிரிக்கவும் செய்வேன். ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள அண்ணி பிரார்த்தனை சொல்வாள். நான் கண்ணை மூடுவதில்லை. மூடியிருக்கிற இரண்டு முகங்களையும் பார்த்துக்கொண்டிருப்பேன். அண்ணியின் இமைகள் படபடவென்று அசையும். அண்ணன் குழந்தை மாதிரி இறுக்கி மூடியிருப்பான். ஊரை ஏமாற்றிப் பிழைக்கிறவனுக்குக் கடவுள் மேல் அப்படி ஒரு நம்பிக்கை. கேட்டால், சாமியும் நானும் ஒரே தொழில், அவர் பெரிய மேடை, நான் சின்ன மேடை, தொழில்காரனுக்குத் தொழில்காரன் மேல் மரியாதை இருக்காதா என்பான்.

எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. சொல்லப்போனால் வீட்டிலேயே அதிகம் இருந்தது எனக்குத்தான். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாள் மத்தியானம், நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். அண்ணன் ஏதோ பள்ளிக்கூடத்தில் நிகழ்ச்சிக்குப் போயிருந்தான். மூச்சு சரியில்லை, வேண்டிக்கிறதுன்னா வேண்டிக்குங்க என்றாள் நர்ஸ். அம்மாவின் கையை என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடினேன். அவ்வளவு உருகி நான் எதையும் கேட்டதில்லை. கெஞ்சினேன், பேரம் பேசினேன், என் ஆயுசைக் கூடக் கொடுத்தேன். கண்ணைத் திறந்தபோது நர்ஸ் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று ஏதோ மெஷினை அணைத்துக்கொண்டிருந்தாள். என் கைக்குள் இருந்த கை அதே சூட்டில்தான் இருந்தது. எப்போது போனாள் என்று எனக்குத் தெரியாது. பிரார்த்தனையோடு வழியனுப்பக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று அண்ணி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். அங்கே இல்லாத யாரிடமோ பேசிக்கொண்டிருந்துவிட்டேன்.

ஏஜென்ட் வந்துபோன மறுநாள் அண்ணன் என்னிடம் வந்து நின்றான். என் வாய்த் துடுக்குக்கும் தொழிலுக்கும் சேர்த்து அவன் எனக்கு வைத்த பெயர் ஊசி.

"ஊசி, கொஞ்ச நேரம் உக்காந்து பாக்கறியா?"

எங்கே உட்கார வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. கை ஜன்னல் பக்கம் லேசாக நீண்டு, பாதியில் நின்றுவிட்டது.

அவன் தொழில் தொடங்கிய காலத்திலிருந்து அம்மாதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒத்திகை பார்ப்பாள். பார்ப்பாள் என்று சொல்வதே அதிகம். காய் நறுக்குவாள், பட்டன் தைப்பாள், நடுவில் தலையைத் தூக்கி அவன் முகத்தைப் பார்ப்பாள். கையைப் பார்த்ததே இல்லை. வித்தையைப் பார் என்றால் பிள்ளையைப் பார்க்கிறாள் என்று நாங்கள் கேலி செய்வோம். முடிந்ததும் ஒன்று, "சரி" என்பாள். அல்லது, "இன்னொரு தரம்" என்பாள். ஏன் என்று சொல்ல மாட்டாள். அவனும் கேட்க மாட்டான். அவள் போன பிறகு அவன் பீரோக் கண்ணாடி முன்னால் நின்று பழக ஆரம்பித்தான். கண்ணாடியில் எல்லாம் சுத்தமாக இருக்கிறது, ஒரு பிசிறு இல்லை, பிறகு மேடையில் மட்டும் எப்படி வெளியே தெரிகிறது என்பதுதான் அவனுக்குப் புரியவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் ஏதாவது ஆகும் என்று பயந்தேன். பிரம்பு கொஞ்சம் குத்தியது, அவ்வளவுதான். அண்ணன் சிவப்புப் பந்தை எடுத்தான். நான் தையல்காரி, கையைத்தான் பார்த்தேன். வலது கையிலிருந்து இடது கைக்குப் போவது போலப் போய், போகாமல், கோட்டின் ஓரமாக வழுக்கிக் கம்பளிப் பைக்குள் விழுந்தது. அழகாகத்தான் இருந்தது. இன்னொரு தரம் என்றேன். மறுபடி அதே அழகு. பத்துப் பதினைந்து தரம் பார்த்தும் குறை ஒன்றும் தெரியவில்லை. அலுத்துப்போய், கையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, சும்மா அவன் முகத்தைப் பார்த்தேன்.

பந்து போகிற அந்த இடத்தில் அண்ணன் கண்ணை மூடினான்.

இமைப்பது போலத்தான். ஆனால் இமைப்பதைவிட ஒரு பிடி அதிகம். திருடும்போது பார்க்காதே என்று தனக்கே சொல்லிக்கொள்வது போல. மறுபடி செய்யச் சொன்னேன். மறுபடி மூடினான். எந்த முகம் எதற்காக அப்படி மூடும் என்று எனக்குத் தெரியும். அதே முகத்தோடு நான் அம்மாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். துக்கம் வரும் என்று நினைத்தேன், வந்தது கோபம். யார் மேல் என்று தெரியவில்லை.

"அண்ணா, நீ கண்ணை மூடற."

"எப்போ?"

"அது போகும்போது."

அவன் நம்பவில்லை. கண்ணாடியில் ஒரு நாளும் அப்படித் தெரிந்ததில்லையே என்றான். மூடின கண்ணுக்குக் கண்ணாடி என்னத்தைக் காட்டும் என்று கேட்டேன். போனில் படம் பிடித்துக் காட்டினேன். கட்டிலில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். முன்வரிசையில் இருந்த அந்த நர்சம்மா பந்தைப் பார்க்கவே இல்லை, அவன் கண்ணைத்தான் பார்த்திருக்கிறாள். கண்ணாடி முன்னால் செய்கிறவனும் பார்க்கிறவனும் ஒருத்தனே, தன்னையே ஏமாற்ற முடியாது, அதனால் பந்து போகிற இடத்தில் கண் தானாகவே மூடி உதவி செய்திருக்கிறது என்று அவனாகவே மெல்லச் சொன்னான். பிறகு போனை என்னிடம் கொடுத்துவிட்டு, "அம்மாவப் பாத்துக்கிட்டே செஞ்சப்போ மூடத் தோணலடி" என்றான். நான் அவன் தோளில் கை வைத்திருக்க வேண்டும். போனுக்குச் சார்ஜ் போடப் போனேன்.

அதன்பின் தினமும் கடை முடிந்து வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவன் என் கண்ணைப் பார்த்தபடி செய்வான். மூடினால் நான் இன்னொரு தரம் என்பேன். மூடாமல் இருக்கப் பிடிவாதம் பிடித்து அவன் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொள்ளும். அண்ணி கதவோரம் நின்று பார்த்துவிட்டு, அண்ணனும் தங்கையும் அம்மாவை நினைத்து அழுகிறார்கள் என்று முடிவு செய்து, காபி போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போவாள். அவள் நல்லவள். அவளோடு சண்டை போடக்கூட என்னிடம் அப்போது தெம்பில்லை.

ஆண்டு விழா ஒரு பெரிய குளிர்சாதன ஹாலில் நடந்தது. வழக்கமாக நான் மேடையின் ஓரத்தில் நின்று சாமான் எடுத்துக் கொடுப்பேன். அன்றைக்கு அண்ணன் என்னைக் கீழே, ஹாலின் பின்சுவர் ஓரம், தீயணைக்கிற சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னான். மேடைக்குப் போவதற்கு முன்னால் எப்போதும் போல ஒரு மூலையில் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டான். மேடை ஏறியதும் எத்தனையோ தலைகளுக்கு மேலாக என்னைத் தேடிப் பிடித்து, என்னையே பார்த்துக்கொண்டு பந்தைக் கையில் எடுத்தான். ஏஜென்ட் என் பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். பந்து போனது. அண்ணன் கண் மூடவில்லை. ஹால் ஒரு விநாடி சும்மா இருந்தது, இருக்க வேண்டிய இடத்தில். பிறகு கைதட்டல் வந்தது. ஏஜென்ட் என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். நான் உள்ளே தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பந்து கம்பளிப் பையில் இருக்கிறது, நீல நூல் போட்ட பை, ஓரத்தில் இரண்டாம் தையல் ஓட்டியிருக்கிறேன். எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒன்றுக்காக எப்படி வியப்பது? சரியாக அமைந்த பேண்ட்டைப் போட்டுக்கொண்டு ஒருவர் கடையை விட்டுப் போவதைப் பார்ப்பது போல இருந்தது. சந்தோஷம்தான். ஆனால் யாருடையதோ.

மறுநாள் ராத்திரி சாப்பாட்டு மேசையில் அண்ணி வழக்கத்தைவிட நீளமாகப் பிரார்த்தித்தாள். நிகழ்ச்சி நல்லபடியாக நடந்ததற்கும், ஏஜென்ட் மனம் மாறியதற்கும், அண்ணனின் கைக்குப் பலம் தந்ததற்கும் நன்றி சொன்னாள். நான் தைத்த பைக்கு ஒரு வார்த்தை இல்லை. அதை நினைத்துச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு தலையைத் தூக்கினேன்.

அண்ணன் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எத்தனை மாதமாக அந்த மேசையில் நான் ஒருத்தி மட்டும் கண் திறந்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. அவன் கும்பிட்டுக்கொண்டிருந்தானா, பழகிக்கொண்டிருந்தானா, அல்லது எனக்குத் துணைக்கு வந்தானா, முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. அண்ணி கண்ணை மூடியபடி போன உயிருக்காக வேண்ட ஆரம்பித்தாள். அண்ணன் மெதுவாகக் கையை நீட்டித் தண்ணீர் பாட்டிலின் நீல மூடியைத் திருகி எடுத்தான். உள்ளங்கையில் வைத்து எனக்குக் காட்டினான். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான். என் கண்ணை விட்டு அவன் கண் நகரவில்லை, இமைக்கவில்லை. நானும் இமைக்கவில்லை. என் கண் எரிந்தது. விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

கை காலியாக இருந்தது. மற்றக் கையையும் திருப்பிக் காட்டினான். அதுவும் காலி. வீட்டில் போடுகிற பழைய அரைக்கைச் சட்டைதான் போட்டிருந்தான். அந்தச் சட்டையில் நான் பை எதுவும் தைத்ததில்லை. மேல் பை கூடக் கிழிந்துபோய், போன வருஷம் நானே பிரித்து எடுத்துவிட்டேன். மேசையைப் பார்த்தேன், அவன் மடியைப் பார்த்தேன், தரையைப் பார்த்தேன். எங்கேயோ இருக்கத்தான் வேண்டும். வழி என்று ஒன்று இருக்கத்தான் வேண்டும். அது எனக்குத் தெரிந்தே இருந்தது. இருந்தும் கையிலிருந்து முழங்கை வரைக்கும் மயிர் குத்திட்டு நின்றது. தொட்டுப் பார்த்தேன், என் கைதான்.

அண்ணி கண்ணைத் திறந்தாள். சாப்பாட்டைப் பரிமாறினாள். டம்ளரில் தண்ணீர் ஊற்றிவிட்டு மூடியைத் தேடித் தட்டுகளை நகர்த்திப் பார்த்தாள்.

"பாட்டில் மூடி எங்க?"

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"தெரியல, அண்ணி" என்றேன். பொய் சொல்லவில்லை.

குனிந்து மேசைக்கு அடியில் ஒரு தரம் பார்த்துவிட்டு, போகட்டும் என்று அண்ணி உட்கார்ந்தாள். சாப்பிட்டு முடியும்வரை பாட்டில் எங்கள் மூவருக்கும் நடுவில் திறந்தே இருந்தது. யாராவது மேசையில் கை வைக்கும்போதெல்லாம் அதன் கழுத்துக்குள் தண்ணீர் வட்டமாக நடுங்கி, விளக்கு வெளிச்சம் அதில் உடைந்து, மறுபடி ஒன்றாகச் சேர்ந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.