தானே நின்றுகொள்ளும் வண்டி

கண்ணாடிக் கடையில் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முதலாளிகூட அப்படித்தான், இத்தனைக்கும் அவருக்கு அவளைவிட வயது அதிகம். மூக்குக் கண்ணாடிகளுக்கு லென்ஸ் பொருத்துவது அவள் வேலை. காலையில் கவுண்டருக்குப் பின்னால் போய் நின்றால் கடை சாத்தும்வரை நின்ற கால்தான். அப்படிப்பட்டவளுக்குக் காலில் அடிபட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொந்த வீட்டு வாசலில்.

அன்று புது வாஷிங் மெஷின் வந்திருந்தது. பழையதை ஷெட்டில் போட்டுவைக்கலாம் என்று அவள் வீட்டுக்காரர் முடிவு செய்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக், கனமான எதையும் ஒற்றை ஆளாக நகர்த்திவிடலாம் என்று நினைப்பவர். அக்காதான் அவரைக் கேட்காமல் தம்பிக்குப் போன் போட்டாள். தம்பி ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கூப்பிட்ட அரை மணியில் வந்து நின்றான்.

அவன் வந்தது தன் ஹைப்ரிட் காரில். பெட்ரோல் பாதி பேட்டரி பாதி என்று ஓடுகிற வண்டி. வாங்கிச் சில வருடங்கள் ஆகியும் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவன் வாய் ஓயாது. "மாமா, இதுல நாம மெனக்கெடவே வேண்டாம். சிக்னல்ல நின்னா பிரேக்ல இருந்து காலை எடுத்துடலாம், அதுவே பிடிச்சுக்கும். பெல்ட்டைக் கழட்டிக் கதவைத் திறந்தா போதும், தானா பார்க்குக்குப் போயிடும். நாம மறந்தாலும் அது மறக்காது."

"அப்போ மச்சான், நீங்க வண்டியை ஓட்டுறீங்களா, வண்டி உங்களை ஓட்டுதா?" என்பார் வீட்டுக்காரர். எல்லோரும் சிரிப்பார்கள். தம்பியும்தான்.

மெஷினை ஷெட்டுக்குள் கொண்டுபோக வேண்டுமானால் அங்கே நின்ற அக்காவின் பழைய காரை வெளியே எடுக்க வேண்டும். கையால் கியர் மாற்றுகிற சாதாரண வண்டி. "எடுத்துத் தெருவுல விடுடா, நான் கேட்டைத் திறக்கிறேன்" என்று சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு அவள் முன்னால் நடந்தாள். வீட்டிலிருந்து கேட் வரை சிமெண்டுப் பாதை சரிவாக இறங்கும். கீழே கேட்டின் தாழ்ப்பாள் தரையில் இறுகிப்போயிருந்தது. குனிந்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

தம்பி வண்டியைப் பின்பக்கமாக எடுத்தான். கேட் திறக்கவில்லை என்று கண்டு பாதி வழியில் நிறுத்தி, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, இன்ஜினை அணைத்தான். பாதையின் குறுக்கே மழைத்தண்ணீர் போவதற்காக வெட்டிய ஒரு சிறிய பள்ளம் உண்டு. பின்சக்கரம் அதில் உட்கார்ந்துகொண்டதால் பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் வண்டி அசையவில்லை. அந்த நேரம் பார்த்து வீட்டு வாசல்படியில் மெஷின் சரிந்தது. "மச்சான், ஓடி வாங்க! கை நழுவுது!" என்று வீட்டுக்காரர் கத்தினார். தம்பி பெல்ட்டைக் கழற்றினான், கதவைத் திறந்தான், இறங்கி ஓடினான். ஹேண்ட் பிரேக்கை அவன் கை தொடவே இல்லை. கதவு படாரென்று சாத்திய அதிர்ச்சியில் சக்கரம் பள்ளத்தைவிட்டு மேலே ஏறியது.

இன்ஜின் ஓடாத வண்டிக்குச் சத்தம் ஏது? மண் நொறுங்குவதுபோல ஏதோ கேட்டு அக்கா திரும்பினாள். பாதிதான் திரும்ப முடிந்தது. வண்டியின் பின்பக்கம் அவளைக் கேட் தூணோடு சேர்த்து நசுக்கியது.

வலது தொடை எலும்பு இரண்டாக முறிந்திருந்தது. இடுப்பிலும் விரிசல். ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகும்போது தம்பி கூடவே ஓடி வந்தான். "நின்னுச்சுக்கா. நான் இறங்கினப்போ நின்னுதான்க்கா இருந்துச்சு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். ஆபரேஷன் தியேட்டரின் கதவு மூடுவதற்குள் வீட்டுக்காரரின் குரல் அவள் காதில் விழுந்தது. மச்சானை ஒருநாளும் மரியாதை குறைத்துப் பேசாத மனிதர் அன்று ஒருமைக்கு இறங்கியிருந்தார். "போயிடு. என் கண் முன்னால நிக்காதே. இனிமே என் வாசப்படியை மிதிக்காதே."

பிளேட் வைத்து ஸ்க்ரூ போட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் பல வாரம் படுத்த படுக்கைதான். வீட்டுக்காரர் முகம் சுளிக்காமல் எல்லாம் செய்தார். தலை வாரிவிட்டார், பெட்பேன் வைத்தார், சமையல் கற்றுக்கொண்டார். தம்பி பேச்சு வந்தால் மட்டும் ஆள் மாறிவிடுவார். "ஒரு ஹேண்ட் பிரேக். குழந்தைகூடப் போடும். திமிர், வேற என்ன? நான் பார்க்கிற லிஃப்ட்ல தினம் எத்தனை பேர் ஏறி இறங்குறாங்க, நான் ஒரு நாள் அசந்தா என்ன ஆகும்?" அவசரப்படுத்திக் கூப்பிட்டது யார் என்று அவளுக்குத் தெரியும். நாக்கு நுனிவரை வரும். விழுங்கிவிடுவாள். அந்த மனிதர் அப்போதுதான் அவளுக்குக் கால் துடைத்துவிட்டு எழுந்திருப்பார்.

தம்பியின் மனைவி வாரம் தவறாமல் தனியாக வந்து போனாள்.

"அவன் வரலையா?" என்று அக்கா ஒருநாள் கேட்டாள்.

"பஸ் ஸ்டாப்ல இருந்து கேட் வரைக்கும் கூட வந்தார் அண்ணி. கேட்டைப் பார்த்தார். திரும்பிட்டார்."

"பஸ்ஸா? கார் என்னாச்சு?"

அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அன்னைக்கு அப்புறம் அவர் ஸ்டியரிங்கையே தொடலை அண்ணி. ஸ்கூலுக்கும் பஸ்தான். வண்டி வீட்டுல நிக்குது, நாலு டயருக்கும் செங்கல் வெச்சிருக்கார். எங்க வாசல் தட்டு மாதிரி சமமா இருக்கும், உங்களுக்கே தெரியும். இருந்தும் ஜன்னல்கிட்ட போய்ப் போய்ப் பார்க்கிறார், நகர்ந்திருக்கான்னு."

அக்கா சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நடைப்பயிற்சிக்காகப் பிசியோதெரபி கிளினிக்குக்குப் போகச் சொன்னார் டாக்டர். அக்காவின் காரை வீட்டுக்காரர் வந்த விலைக்குத் தள்ளிவிட்டிருந்தார், அதைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. டாக்ஸியில் ஏறி இறங்குவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"தம்பி வண்டி சும்மாதானே நிக்குது. சீட்டும் தாழ்வா இருக்கும். கேட்டு வாங்கிக்கலாமே" என்றாள்.

"அவன் வண்டியா? என் தலையே போனாலும் முடியாது."

"தலை போகலைங்க. கால்தான் போச்சு. உங்க ரோஷத்துக்கு என் இடுப்பு ஏங்க வலிக்கணும்?"

அக்காவே தம்பி மனைவிக்குப் போன் போட்டாள். மறுநாள் தம்பியின் மனைவியே காரைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் பஸ்ஸில் திரும்பிப்போனாள்.

முதல் சில நாட்கள் வீட்டுக்காரருக்கு அந்த வண்டியோடு ஒத்தே போகவில்லை. நிறுத்தும்போதெல்லாம் கை பழக்கத்தில் சீட்டுக்குப் பக்கத்தில் ஹேண்ட் பிரேக்கைத் தேடும். அங்கே ஒன்றும் இருக்காது, ஒரு சின்ன பிரேக் பட்டன்தான். அதை இழுப்பார், பார்க் பட்டனை அமுக்குவார், இறங்கி உள்ளங்கையால் ஒரு தள்ளுத் தள்ளிப் பார்ப்பார். "சத்தமும் இல்லை, ஒண்ணும் இல்லை. ஓடுதா நிக்குதான்னு யார்கிட்ட கேக்கிறது?" என்று முணுமுணுப்பார். அக்காவுக்குச் சிரிப்பு வரும், சிரித்தால் இடுப்பு வலிக்கும்.

நாளாக ஆக வண்டி அவருக்குக் கைவந்தது. சிக்னலில் காலை எடுத்துவிட்டுச் சாய்ந்து உட்காரப் பழகினார். கையால் தள்ளிப் பார்ப்பது முதலில் நின்றது. அப்புறம் பிரேக் பட்டனை இழுப்பதும் நின்றது. இவையெல்லாம் கண்ணுக்கு முன்னால்தான் நடந்தன. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அக்காவும் கவனிக்கவில்லை.

கிளினிக் வாசலில் போர்டிகோவுக்கு ஏறுவது ஒரு பக்கம், இறங்குவது மறுபக்கம். அன்று கூட்டமாக இருந்ததால் இறக்கத்தில்தான் இடம் கிடைத்தது. பின்னால் ஆம்புலன்ஸ் ஒன்று வழி கேட்டது. வாக்கரைச் சீக்கிரம் எடுத்துக் கொடுக்கலாம் என்று வீட்டுக்காரர் அவசர அவசரமாகப் பெல்ட்டைக் கழற்றிக் கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் ஊன்றினார். வண்டி பீப் பீப் என்று கத்தியது. எதிரே இருந்த திரையில் ஓட்டத்துக்கான டி என்ற எழுத்து அணைந்து பார்க்குக்கான பி என்று மாறியதை அக்கா பார்த்தாள். அடியில் எங்கோ பிரேக் முனகிக்கொண்டு பிடித்தது. அதே நேரம் ஒரு பெண் வண்டிக்கு முன்னால் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு குறுக்கே போனாள். நாற்காலியில் கழுத்துப்பட்டை போட்ட ஒரு பெரியவர். கை நீட்டினால் தொடுகிற தூரம். இரண்டு பேருமே இந்தப் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்காரர் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று அப்படியே நின்றார்.

"நான் போடலையா?" என்றார்.

"இல்லைங்க."

"பட்டனை அமுக்கினேனே?"

"இல்லைங்க. அதுவே போட்டுக்கிச்சு."

வாக்கரை எடுத்து வந்தார். விரிக்க வரவில்லை, மடிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவளே வாங்கி விரித்துக்கொண்டாள்.

பயிற்சி முடிந்து அவள் வெளியே வரும்வரை அவர் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் அவர் திரும்பாமல் நேராகத் தம்பி வீட்டுக்கு ஓட்டினார்.

தம்பி வீட்டுக் கூடத்தில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தான். மாமாவைப் பார்த்ததும் பேனா கையிலிருக்க எழுந்து நின்றான். ஆள் இளைத்துப்போயிருந்தான், சட்டைக் காலர் கழுத்தில் ஒட்டாமல் நின்றது. அவன் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டாள். அக்கா உட்கார்ந்தாள். வீட்டுக்காரர் உட்காரவில்லை.

"மச்சான், இன்னைக்கு நான் வண்டியை டி-யிலேயே விட்டுட்டு இறங்கிட்டேன்."

தம்பி ஓரடி முன்னால் வந்தான். "யாருக்கு என்னாச்சு மாமா?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலை. உங்க வண்டியே நிறுத்திக்கிச்சு." இடது கையை நீட்டிக் காட்டினார். "முப்பது வருஷமா ஹேண்ட் பிரேக் போட்ட கை இது. இந்தக் கொஞ்ச நாள்ல மறந்துடுச்சு. உங்களைப் பார்த்து நான் என்னென்ன பேசினேன்..."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். "நீங்க சொல்றது எனக்குப் புரியுது மாமா. ஆனா உங்க வண்டி நின்னுடுச்சு. நான் விட்ட வண்டி நிக்கலையே. அக்கா கால் போயிடுச்சே."

தம்பியை ஆறுதல் சொல்லித் தேற்ற அக்காவுக்கு வாய் வரவில்லை, அவள் சொன்னது வேறு.

"டேய், கால் ஒரு விரல் அகலம் குட்டையாயிடுச்சு. இனிமே அப்படித்தான். அது எனக்குப் பழகிடும். நீ கேட் வரைக்கும் வந்துட்டு உள்ளே வராம போறியே, அது எனக்குப் பழகாதுடா."

அவன் நின்ற இடத்திலேயே விம்மினான். அவன் மனைவி மேஜைமேல் கிடந்த விடைத்தாள்களை நனையாமல் நகர்த்தி வைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான், பஸ்ஸில். கேட்டைத் தாண்டும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தான். இரண்டு ஆண்களும் முதலில் வானிலையைப் பற்றியும் லிஃப்டைப் பற்றியும் பேசினார்கள். பழைய கேலிப் பேச்சு திரும்ப வெகுகாலம் ஆயிற்று. முழுதாகத் திரும்பியதா என்றால், இல்லை.

அக்கா வேலைக்குத் திரும்பிய அன்று தம்பிதான் ஓட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். "என்னால முடியாதுக்கா" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். முடியாவிட்டால் வாக்கரோடு நடந்தே போகிறேன் என்றாள். அவள் சொன்னால் செய்வாள் என்று அவனுக்குத் தெரியும். வீட்டுக்காரர் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். சைக்கிள்கள்கூட அவர்களைத் தாண்டிப் போயின.

கடை இருந்த தெரு லேசான ஏற்றம். ஓரத்தில் நிறுத்தி, பார்க் பட்டனை அமுக்கி, பிரேக் பட்டனை இழுத்து, இன்ஜினை அணைத்தான். எல்லாம் செய்தும் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

"எடுடா."

"இருக்கா. இரு."

அவள் இருந்தாள். பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள், திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போனார்கள். ரொம்ப நேரம் கழித்து அவன் காலை எடுத்தான். வண்டி அசையாமல் நின்றது. அவன் சுற்றி வந்து கதவைத் திறந்து, அவள் இரண்டு கால்களையும் ஊன்றி நிமிரும்வரை கையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அதற்குப் பிறகு சில நாள் அவன் ஓட்டுகிறான், சில நாள் பஸ்ஸில் போகிறான். எதனால் என்று அவள் கேட்பதில்லை.