திருப்பித் தந்த மாத்திரை அட்டை

மாலை ஆறு மணிக்கு மருந்துக் கடையில் நிற்க இடமில்லை. அந்த நெரிசலில் ஒரு பெண் மாத்திரை அட்டை ஒன்றைக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள். பத்தில் ஆறு குழிகள் காலியாக இருந்தன. அவள் கணவர் வாசலில் வண்டிமேல் உட்கார்ந்திருந்தார்.

"தங்கச்சி, இதைத் திருப்பி எடுத்துக்க. எங்க வீட்டுக்காரருக்கு இது வேலை செய்யாதாம்."

மருந்தாளுநர் அட்டையைப் பார்த்தாள். இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரை. இந்தக் கடையில் வழக்கமாக மருந்து வாங்கும் அந்தக் கணவருக்கு, இதயக் குழாயின் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாய் வைத்து எட்டு நாள்தான் ஆகிறது.

"யாரு சொன்னாக்கா?"

அந்தப் பெண் பையிலிருந்து ஒரு மரபணுப் பரிசோதனை அறிக்கையை எடுத்து நீட்டினாள். இதே மாத்திரைக்கு எதிரே 'பலன் குறைவு' என்று சிவப்பில் அச்சாகியிருந்தது.

மருந்தாளுநர் அறிக்கையைப் புரட்டினாள். இந்த மாதிரி அறிக்கைகளைப் பற்றி ஒரு மணி நேர வகுப்புக்குப் போயிருந்தாள். அங்கே எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள், சான்றிதழ் வாங்கினாள். மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. அதை எப்படி வெளியே சொல்வது?

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "டாக்டர் சீட்டைப் படிக்கவே கண்ணு போகுது. இதுல உடம்போட ஜாதகத்தை வேற நாம படிக்கணுமா? நமக்கெதுக்கும்மா வம்பு, வாங்கி வெச்சுட்டு அனுப்பு."

அனுப்பிவிடலாம் என்றுதான் அவளுக்கும் தோன்றியது. அறிக்கையை மடிக்கும்போது வயது கண்ணில் பட்டது. அறுபத்திரண்டு.

"அவருக்கு ஐம்பத்தொண்ணுதானேக்கா?"

"இது அவரோட அண்ணனுது. கூடப் பொறந்தவங்க, ஒரே ரத்தம். தம்பிக்கு எதுக்குத் தனியா டெஸ்ட்டு? ரெண்டு நாளா மாத்திரையை நிறுத்திட்டோம்."

ஒரே ரத்தம் என்றால் சரிதானோ? ஆனால் ஒரே சளி மாத்திரைக்கு அவள் தங்கை நாள் முழுக்கத் தூங்குவாள், இவளுக்குக் கொட்டாவிகூட வராது. அப்படியானால்? அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. ஸ்டென்ட் வைத்த டாக்டரிடம் கேட்கத் தொலைபேசியை எடுத்தாள்.

"இதுகூடத் தெரியாதான்னு டாக்டர் சிரிக்கப் போறாரு" என்றார் கடைக்காரர்.

"சிரிக்கட்டும்ணே."

மருத்துவர் சிரிக்கவில்லை, பதறினார். "நிறுத்திட்டாங்களா? ஸ்டென்ட் அடைச்சுக்கும்மா! அண்ணனுக்கு இருக்கறது தம்பிக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அவருக்கே டெஸ்ட் பண்ணினாத்தான் தெரியும். இப்பவே மாத்திரையைக் குடுத்து, நேரா இங்க அனுப்புங்க."

மருந்தாளுநர் அதைச் சொன்னதும் அந்தப் பெண் அட்டையைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். மருந்தாளுநர் தண்ணீரோடு பின்னால் போனாள். கணவர் மாத்திரையை விழுங்கிவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இப்ப இது எனக்கு வேலை செய்யுமா, செய்யாதாம்மா?"

"எனக்குத் தெரியலண்ணே. உங்க டெஸ்ட் வந்தாத்தான் தெரியும். ஆனா ஒருத்தர் ரிப்போர்ட்டைப் பார்த்து இன்னொருத்தர் மருந்தை நிறுத்தக்கூடாது. நிறுத்தறதுக்கு முன்னாடி நீங்க கேக்கணும். தலையாட்டறதுக்கு முன்னாடி நான் கேக்கணும். தெரியலன்னு சொல்ல வெக்கப்பட்டா, உயிர் போறது நம்ம ரெண்டு பேர்ல உங்களுக்குத்தான்."