கீழ்வீட்டுக்காரரின் பகல்தூக்கம்

எடை தூக்குவதை யாரும் தடுத்ததில்லை. கீழே போடுவதைத்தான் தடுத்தார்கள். ஜோர்டானின் இர்பித் நகரில் நான்காம் மாடியில் வளர்ந்தவள் நான். பதினான்கு வயதில் பளுதூக்கக் கற்றுக்கொண்ட நாள் முதல், இரும்பைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டு, தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல் தரையில் இறக்கி வைப்பேன். "ருதைனா, கீழ்வீடு!" என்று அம்மா சமையலறையிலிருந்து கத்துவாள். என் இடுப்பு போனது தூக்கியதால் அல்ல, இறக்கியதால்.

அதனால் பெண்களுக்கு உடற்பயிற்சிக்கூடம் வைப்பதென்று முடிவானதும் நான் முதலில் யோசித்தது தரையைப் பற்றி. இடம் கிடைத்ததோ முதல் மாடியில். கீழே அபூ ஸுஹ்தி, நீதிமன்றத்தில் முப்பது வருஷம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதம் முடிவதற்குள் அவர் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் காலி செய்ய வேண்டும் என்று கட்டட உரிமையாளர் சொல்லிவிட்டார்.

அபூ ஸுஹ்தி இழுத்தடிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை தொழுதுட்டு வந்து, மக்லூபா சாப்பிட்டு மூணு மணிக்குப் படுப்பேன். நாலரை வரைக்கும் மேல என்ன வேணா பண்ணும்மா. என் தூக்கம் கலையலன்னா கையெழுத்து. கலைஞ்சுதுன்னா வேற இடம் பாத்துக்க" என்றார்.

தரை போட வந்த ஃபவ்வாஸ் சோம்பேறி இல்லை, ஆனால் அவசரக்காரன். "எல்லா ரூமுக்கும் ஒரே கறுப்பு ரப்பரை விரிச்சா ரெண்டு நாள்ல முடிஞ்சிரும்க்கா."

"உன் வீட்ல படுக்கிற ரூமுக்கும் கக்கூஸுக்கும் ஒரே கம்பளமா போட்டிருக்க?" என்று கேட்டேன். அளவுநாடாவை எடுத்தான்.

எடை விழும் மூலைக்கு நான்கு விரல் கனத்தில் ரப்பர்ப் பாளங்கள், அவற்றின் அடியில் இன்னொரு மெத்தை. ஓடும் இயந்திரங்களுக்கு அதிர்வை விழுங்கும் கெட்டி விரிப்பு. உடம்பை நீட்டி மடக்கும் அறைக்கு முழங்கால் நோகாத மெத்தென்ற விரிப்பு. தப்கே ஆடும் கூடத்துக்கு மட்டும் மரப்பலகை என்றேன். வரிசையாகக் கை கோத்துக் காலை ஓங்கி மிதிக்கிற ஆட்டம் அது. ரப்பரில் ஆடினால் பாதம் ஒட்டிக்கொண்டு முழங்கால் திருகிக்கொள்ளும்.

பலகை போட்டு முடித்தது ஒரு வியாழக்கிழமை. உதவிக்கு வந்திருந்த என் அண்ணி ஹியாம், எங்கள் ஊரில் வியாழக்கிழமை எல்லாப் பெண்களும் செய்வதைச் செய்தாள். இரும்பு வாளியில் சோப்புத் தண்ணீரை நிரப்பி, புது மரத்தில் கொட்டி, வாசல்வரை தள்ளிவிட்டாள். நான் போனபோது கூடம் பளபளத்தது, அவள் முகமும் பளபளத்தது. மறுநாள் காலை பலகைகள் உப்பி, ஒன்றையொன்று முட்டித் தூக்கிக்கொண்டு நின்றன.

நான் கத்திய கத்தில் அவள் அழுதிருக்க வேண்டும். அழவில்லை.

"தண்ணி ஊத்திக் கழுவ முடியாததுக்குப் பேரு தரையாடி? நாப்பது பொம்பளைங்க வேர்வை சிந்துற எடத்தை ஈரத்துணியால தடவி விடுவியா? சீ!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் இரண்டு நாள் யோசித்ததில் அவள் சொன்னதில் பழுதில்லை என்று தெரிந்தது. இங்கே வரப்போகும் ஒவ்வொருத்தியும் ஒரு ஹியாம்தான். யாராவது ஒருத்தி ஒருநாள் வாளியைத் தூக்கியே தீருவாள். மரத்தைப் பெயர்த்தோம். இணைப்பே தெரியாமல் உருக்கி ஒட்டுகிற வழவழப்பான வினைல் விரிப்பை, அடியில் மெத்தை வைத்துப் போட்டோம்.

"மொதல்லயே அண்ணியைக் கேட்டிருக்கலாம்" என்றான் ஃபவ்வாஸ், சமயம் பார்த்து.

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. அபூ ஸுஹ்தியின் மனைவி உம்மு ஸுஹ்தி எங்கள் கட்சி. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கைபேசியில் தகவல் அனுப்புவதாக ஏற்பாடு. மூன்றேகாலுக்கு வந்தது: "கண்ணை மூடியாச்சு."

அறுபது கிலோவைத் தலைக்கு மேல் தூக்கினேன். கை பழக்கத்தில் மெதுவாக இறக்கப் பார்த்தது. "விடுடி!" என்றாள் ஹியாம். விட்டேன். தொப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கைபேசியைப் பார்த்தோம். "அசையவே இல்ல."

பத்துப் பெண்கள் தப்கே ஆடினார்கள். "அசையல." இயந்திரங்களில் ஓடினார்கள். "அசையல." மணி நாலு இருபது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஹியாமோ, வேலை முடிந்த கையோடு தரையைக் கழுவிவிடலாம் என்று குளியலறைக்குப் போய் வாளியை எடுத்தாள். நிறைந்த இரும்பு வாளி கை நழுவி வெறும் ஓட்டுத்தரையில் விழுந்து, உருண்டு, சுவரில் மோதி நின்றது. கட்டடமே அதிர்ந்தது.

எல்லா அறைக்கும் தரை தேடியவள், குளியலறையை மறந்துபோனேன். கக்கூஸைச் சொல்லி ஃபவ்வாஸை மடக்கியவளும் நான்தான்.

கைபேசி மின்னியது. "மேல வர்றார்."

பத்துப் பெண்களும் அவசரமாக அங்கியும் முக்காடும் போட்டுக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள். அபூ ஸுஹ்தி செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வந்தார். ரப்பரில் நின்று பார்த்தார், மெத்தென்ற விரிப்பைக் குதிகாலால் அழுத்தினார், கூடத்தில் ஒருமுறை ஓங்கி மிதித்தார்.

"மன்னிச்சிருங்க ஹாஜி. வாளி விழுந்திருச்சு. உங்க தூக்கத்தைக் கெடுத்துட்டேன்."

"எந்தத் தூக்கத்தை?" என்றார். "மூணு மணிலேர்ந்து கண்ணை மூடிக்கிட்டு முழிச்சிட்டுதான் கெடந்தேன். சின்னதா ஒரு சத்தம் கேட்டாப் போதும், எழுந்து வந்து முடியாதுன்னு சொல்லலாம்னு. வாளி விழற வரைக்கும் ஒண்ணுமே கேக்கல. இவ கைபேசில தட்டுறதுதான் கேட்டுது. சரி, இன்னைக்கு ஆரம்பிக்கவே இல்ல போலன்னு நெனச்சேன். எப்ப எடையைப் போடப் போற?"

"போட்டாச்சு ஹாஜி. ஒரு மணி நேரம் ஆச்சு."

அவர் என்னையும் இரும்பையும் மாறி மாறிப் பார்த்தார். "இதையா?"

"இதைத்தான்."

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். எழுத்தர் அல்லவா, கையெழுத்துக்கு மேலே ஒரு வரியும் சேர்த்தார்: 'குளியலறைக்கும் தரை விரிக்க வேண்டும்; இரும்பு வாளி கூடாது.'

"பிளாஸ்டிக் வாளில அழுக்குப் போகாது" என்று ஹியாம் முணுமுணுத்தாள்.

அவர் இறங்கிப் போனதும் நான் மறுபடி அறுபது கிலோவைத் தூக்கினேன். இந்தமுறை யாரும் சொல்லாமலே கையை விட்டேன்.