மம்சாபுரத்து எண்ணெய்க்கு எட்டு மார்க்

பரிபூரணமும் அனுசியாவும் பழக்கமானது ஒரு தண்ணீர் பாட்டிலால்.

ராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு கிளினிக். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் மதுரையிலிருந்து மூட்டு டாக்டரம்மா அங்கே வருவார். அன்றைக்கு உட்கார இடம் கிடைப்பதே பெரிய விஷயம். கிடைத்த பெஞ்சில் உட்கார்ந்து பரிபூரணம் பாட்டில் மூடியைத் திருகினாள். அது அசையவில்லை. பக்கத்தில் இருந்த அனுசியாவிடம் நீட்டி, "செத்த தொறந்து குடுங்களேன்" என்றாள். அனுசியா முந்தானையைச் சுற்றித் திருகினாள். பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். கடைசியில் பாட்டிலை மடியில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். விரல் கணுவெல்லாம் சுண்டைக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"எனக்கும் ஒங்க கதைதான்க்கா."

இருவருக்கும் சிரிப்பு பொங்கிவிட்டது. எதிர் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து வந்து, ஒரே திருகில் திறந்து கொடுத்துவிட்டு, இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று இவர்களைப் பார்த்தபடியே போனார்.

டாக்டரம்மாவிடம் முறை வர மூன்று மணி நேரம் ஆனது. அதற்குள் ஒருவர் வீட்டு நிலவரம் மற்றவருக்கு மனப்பாடம். பரிபூரணத்துக்கு ஐம்பது வயது. ராஜபாளையத்தில் வீட்டிலேயே பவர் மிஷின் போட்டு நைட்டி தைக்கிறாள். தளவாய்புரத்திலிருந்து வெட்டிய துணி கட்டுக்கட்டாக வரும், தைத்து அனுப்ப வேண்டும். கணவர் குருசாமி லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அனுசியா அவளைவிட நான்கு வயது சின்னவள். வயலும் தென்னந்தோப்பும் மகாராஜபுரத்தில், குடியிருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். கணவர் விஜயபாண்டி இருபத்தாறு வருடம் ராணுவத்தில் இருந்து சுபேதாராக ஓய்வு பெற்றவர். பால் வாங்கப் போனால்கூட, வாசலில் நின்று "பால் வந்தாச்சு" என்று அறிவித்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்.

இருவருக்கும் முடக்குவாதம். காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு விரல் மடங்காது. ரவிக்கை ஊக்கு மாட்ட ஆள் வேண்டும். வாரம் ஒரு நாள் போடும் மஞ்சள் மாத்திரை, தினமும் போடும் வெள்ளை மாத்திரை, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை என்று இரண்டு வருடம் ஓடிவிட்டது. முதல் ஆறு மாதம் பேச்சைக் கேட்ட வலி, அதன் பிறகு மாத்திரையை மதிக்கவே இல்லை. டாக்டரம்மா அளவைக் கூட்டினார். குமட்டல்தான் கூடியது.

அடுத்த மாதம் அதே பெஞ்சில் பரிபூரணம் ஒரு யோசனை சொன்னாள்.

"பாக்கவங்க எல்லாம் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்லுதாவ. அம்புட்டையும் நீயும் செஞ்சு நானும் செஞ்சா ஆயுசு பத்தாது அனுசியா. பாதிய நீ பாரு, பாதிய நான் பாக்கேன். எது கேக்குதோ அத ரெண்டு பேரும் வச்சுக்கிடுவோம்."

"கேக்குதா இல்லையான்னு எப்படிக்கா தெரியும்?"

"மார்க் போடு. பத்துக்கு எத்தனைன்னு. ஆனா பொய் மார்க் போடக் கூடாது, ஆமா."

அப்படித்தான் ஆரம்பித்தது. தினமும் மதியம் மூன்று மணிக்குப் போன். பரிபூரணம் நாற்பது நாள் முடக்கத்தான் கீரையில் தோசை, ரசம், துவையல் என்று சாப்பிட்டாள். குருசாமியும் கூடவே சாப்பிட்டார். "எனக்கு மூட்டு நல்லாத்தான் இருக்கு, என்னைய ஏன் முடக்குத?" என்று அவர் கேட்டது வரைக்கும் அனுசியாவுக்கு வந்து சேர்ந்தது. மார்க் மூன்று. புளியையும் கத்தரிக்காயையும் விட்டுப் பார்த்தாள். இரண்டு, அதுவும் வாய்க்கு ருசி போனதற்காக ஒன்று கழித்தது போக. அனுசியாவின் பங்குக்குச் செம்பு வளையமும், விஜயபாண்டியின் சிநேகிதர் ஒருவர் தள்ளிவிட்ட காந்தப் படுக்கையும் வந்தன. படுக்கைக்கு முட்டை மார்க். விஜயபாண்டிக்கு மட்டும் அதில் நல்ல தூக்கம் வந்ததால் அது வீட்டிலேயே தங்கிவிட்டது.

பேச்சு வளர வளர 'நீ' போய் 'ஏட்டி' வந்தது. வலியைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினால் மற்றதைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். அனுசியாவுக்கு அந்த மூன்று மணிக்காகவே காலையில் எழுந்திருக்கலாம் போலிருந்தது.

புரட்டாசியில் அனுசியாவுக்கு மம்சாபுரம் தங்கச்சாமி வைத்தியர் முறை. கறுத்து மெலிந்த மனிதர், அதிகம் பேசமாட்டார். ஒரு பாட்டில் எண்ணெயும் கஷாயப் பொடியும் கொடுத்தார். எண்ணெயைச் சுடவைத்துத் தேய்த்தால் இதமாக இருந்தது. அனுசியா நான்கு போட்டாள்.

அதே மாதத்தில்தான் விஜயபாண்டி பொறுமை இழந்தார். "ஒங்க ரெண்டு பேரு ஆராய்ச்சியும் போதும். கெளம்பு" என்று, முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவ அட்டையை எடுத்துக்கொண்டு மதுரைக்குக் கூட்டிப்போனார். அங்கே டாக்டர் எல்லாத் தாள்களையும் படித்துவிட்டு, மாத்திரையோடு சேர்த்து ஒரு ஊசி எழுதினார். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வயிற்றில் தாங்களே போட்டுக்கொள்வது. வெளியில் வாங்கக் கட்டுப்படியாகாத விலை. அட்டை இருந்ததால் இவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஊசி, குளிர்சாதனப் பெட்டியில் முட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. பலன் தெரிந்த பிறகு பரிபூரணத்திடம் சொல்லிக்கொள்ளலாம் என்று அனுசியா இருந்தாள்.

ஐந்தாவது வாரம் ஒரு காலையில் அனுசியா பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, பிரஷைத் தான் சாதாரணமாகப் பிடித்திருப்பதைக் கண்டாள். கையை மூடினாள். மூடியது. திறந்து மறுபடி மூடினாள். வாயில் நுரையோடு ஓடிப்போய்க் கணவரிடம் முஷ்டியைக் காட்டினாள். அவர் பதறிப்போய், "நான் என்ன செஞ்சேன்?" என்றார்.

அன்று மூன்று மணிக்குப் பரிபூரணம்தான் முதலில் கண்டுபிடித்தாள்.

"என்னட்டி, கொரலே ஒரு மாதிரி துள்ளுது? மார்க் எத்தன?"

"எட்டு இருக்கும்க்கா."

"எட்டா!" அந்தப் பக்கம் மிஷின் நின்றது. "எதுலட்டி?"

அனுசியா வாயைத் திறந்தாள். ஊசி என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று தெரியும். எங்கே கிடைக்கும், எவ்வளவு ஆகும். அதற்குத் தான் சொல்லப்போகும் பதிலும், அதன் பிறகு மறுபடி மிஷின் ஓடும் சத்தமும் அவளுக்கு இப்போதே கேட்டன. எனக்குச் சரியாகிவிட்டது, உனக்கு ஆகாது என்று ஒரு சிநேகிதியிடம் எப்படிச் சொல்வது?

"அந்த மம்சாபுரத்து எண்ணெய்தான்க்கா" என்றாள்.

மறுநாளே பரிபூரணம் மம்சாபுரத்தில் இருந்தாள். அனுசியா, போகட்டும், எண்ணெய்தானே, கெடுதல் ஒன்றுமில்லை என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். ஊசி விஷயத்தைப் பக்குவமாக ஒரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாள். அந்த ஒரு நாள் வரவில்லை. வாரங்கள்தான் வந்தன. பரிபூரணம் மூன்று என்றாள். அடுத்த வாரம் இரண்டு என்றாள். "ஒனக்குக் கேட்டது எனக்குக் கேக்காமலா போயிரும்? மெள்ளத்தான் கேக்கும்" என்று அவளே தைரியமும் சொல்லிக்கொண்டாள். பிறகு நான்கு நாள் போனே வரவில்லை.

ஐந்தாம் நாள் அனுசியாவே அடித்தாள். எடுத்தது குருசாமி. "அவளால போனப் புடிக்க முடியலம்மா" என்றார்.

அனுசியா பஸ் ஏறி ராஜபாளையம் போனாள். கட்டு பிரிக்காத துணி மிஷினைச் சுற்றி மலையாகக் கிடந்தது. பரிபூரணம் கட்டிலில் சாய்ந்திருந்தாள். மணிக்கட்டு இரண்டும் வீங்கிப் பளபளத்தன. முழங்கால் மடங்கவில்லை. குருசாமி தம்ளரை அவள் வாயருகே பிடித்து டீ கொடுத்துக்கொண்டிருந்தார்.

"மாத்திர போடுறியாக்கா?"

"அத நிறுத்தி ஒரு மாசமாச்சு. கொமட்டிக்கிட்டே இருந்துச்சு. அதான் ஒனக்கு எண்ணெயிலயே எட்டு வந்துருச்சே. பொறவு எதுக்கு அந்த மாத்திரன்னு விட்டுட்டேன்."

அனுசியா குருசாமியிடமிருந்து தம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். ஊசி, மதுரை, அட்டை, முட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் அட்டைப் பெட்டி, எல்லாவற்றையும் சொன்னாள். மாத்திரையைத் தான் ஒரு நாளும் நிறுத்தவில்லை என்பதையும் சொன்னாள்.

பரிபூரணம் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஊசின்னு சொல்லிருந்தா ஒன் கையிலருந்து பிடுங்கிருப்பேனா? சந்தோசந்தான் பட்டுருப்பேன்."

"ஒனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்க்கா..."

"எனக்குக் கஷ்டமா இருக்கும்னு நீயே முடிவு பண்ணிட்ட. எம்புட்டு ஈஸி! பஸ்ஸுக்கு நேரமாச்சு, போ."

அதற்குப் பிறகு போன் அடித்தால் எடுக்கவில்லை. மதுரைக்குக் கூட்டிப்போகிறேன் என்று விஜயபாண்டி காரோடு போய் நின்றும் பார்த்தார். "ஒரு தடவ நம்புனது போதும்ணே" என்று கட்டிலில் இருந்தபடியே அனுப்பிவிட்டாள். திரும்பி வந்த சுபேதார், வாசலில் எதையும் அறிவிக்காமல் உள்ளே போனார்.

வேறு வழி தெரியாமல் அனுசியா மம்சாபுரம் போய்த் தங்கச்சாமி வைத்தியரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் உரலில் இடித்துக்கொண்டிருந்ததை நிறுத்தினார்.

"மாத்திரைய நிறுத்துன்னு நான் அந்தப் பிள்ளைகிட்ட சொல்லவே இல்லையே தாயி. எனக்கே சக்கரைக்கு ரெண்டு வேளை இங்கிலீஷ் மாத்திர ஓடுது." உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "வா, எந்தத் தெரு?"

பரிபூரணத்தின் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். பிறகு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"இது என் எண்ணெய்க்கு அடங்குற வீக்கம் இல்ல தாயி. என் எண்ணெய் வலியக் கொஞ்சம் ஆத்தும், அவ்வளவுதான். இத அடக்க மதுரைக்குத்தான் போகணும். நாளைக்கே போ."

"நீங்களே இப்படிச் சொல்லுதிய?"

"நான் சொல்லாம வேற யாரு சொல்லுவா? நீ முடங்கிப் படுத்தா என் எண்ணெயத்தான் ஊரு ஏசும்."

பரிபூரணம் வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரித்ததில் தோள்பட்டை வலித்து "ஆத்தே" என்று முனகிவிட்டு, மறுபடியும் சிரித்தாள். வாசல்படியிலேயே நின்றுகொண்டிருந்த அனுசியாவைப் பார்த்து, "அவளையும் உள்ள வரச் சொல்லுங்க" என்றாள்.

மறுநாள் விஜயபாண்டியின் காரில் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மாத்திரையை நிறுத்தியதற்காக இளம் டாக்டர் ஒருவர் பரிபூரணத்தை நன்றாகத் திட்டினார். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். குமட்டல் வராமலிருக்க அந்த மஞ்சள் மருந்தையே ஊசியாகப் போட்டுக்கொள்ளலாம் என்றார் டாக்டர். இதை யாரும் இதுவரை தன்னிடம் சொல்லவில்லை என்று பரிபூரணம் சொன்னாள். "குமட்டுதுன்னு நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களாம்மா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அவள் அனுசியாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். அதோடு இன்னும் இரண்டு மாத்திரை சேர்த்தார்கள். இதற்கும் கேட்காவிட்டால், அனுசியா போடும் அந்த விலை கூடிய ஊசியை அரசுக் காப்பீட்டில் கேட்டுப் பார்க்கலாம் என்று தாளில் குறித்துக்கொண்டார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. தை பிறந்ததும் வீக்கம் இறங்கியது. மாசியில் பரிபூரணம் மிஷினில் உட்கார்ந்தாள், முன்பு தைத்ததில் பாதிதான். மீதிக் கட்டுகளைப் பக்கத்து வீட்டு வெங்கடேஸ்வரிக்குப் பிரித்துக் கொடுத்தாள். காலையில் இன்னமும் அரை மணி நேரம் விரல் மடங்குவதில்லை. மழை மூட்டமாக இருந்தால் முழங்கால் முனகும். தங்கச்சாமி எண்ணெயை இருவருமே விடவில்லை, சுகமாக இருக்கிறது என்பதற்காக.

ஒன்றுதான் பழையபடி இல்லை. அனுசியா என்ன சொன்னாலும் பரிபூரணம் இப்போது இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்கிறாள். போன வாரம் ராஜபாளையத்தில் அவள் வீட்டில் சாப்பிடும்போது, "கருவாட்டுக் குழம்பு ரொம்ப நல்லாருக்குக்கா" என்றாள் அனுசியா.

"நெசமா?"

அனுசியா கையிலிருந்த சோற்றை வைத்துவிட்டு யோசித்தாள்.

"உப்பு கூடிப் போச்சுக்கா."

"அப்படிச் சொல்லு" என்று பரிபூரணம் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.