கிணற்றடியில் எடுத்த சராசரி

மலாயாவில் யோங் பெங்கை அடுத்த ரப்பர் தோட்டத்தில் மலேரியா பரவிய வருஷம் 1927. சுகாதார அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி அம்பிகைபாகனிடம் எழுநூறு பேருக்கான கொயினா மாத்திரை இருந்தது. இந்தத் தோட்டத்துக்குப் போக மிச்சம், அதே காய்ச்சல் கண்டிருந்த காஹாங் தோட்டத்துக்கு. தொழிலாளர் குடியிருந்த லயத்தில் நூற்றுப்பன்னிரண்டு வீடு. ஆள் எத்தனை என்று யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் மாலைக்குள் சொல்லியாக வேண்டும்.

வேலை முடிந்து தண்ணீருக்கு வந்தவர்களைக் கிணற்றடியிலேயே நிறுத்தி, "உங்கட வீட்டில எத்தனை பேர்?" என்று முப்பது பேரிடம் கேட்டு எழுதினார். சராசரி ஆறு. மொத்தம் அறுநூற்று எழுபத்திரண்டு. காஹாங்குக்கு அநேகமாக ஒன்றும் மிஞ்சாது.

குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஒரு பெண் கிட்டே வந்தாள். பேச்சியம்மாள், பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுக்கிறவள்.

"ஐயா, எங்க வீட்டுல ஒம்பது பேரு. நானும் சொன்னேன், என் ரெண்டு மகளுங்களும் வந்து சொன்னாங்க. மூணு தடவை எழுதிட்டீங்க. பக்கத்து வீட்டு அர்ச்சுனன் தனிக்கட்டை. அவனுக்கு ஒரு குடம் ரெண்டு நாளைக்கு ஓடும். இன்னைக்கு இந்தப் பக்கமே வரலையே!"

அம்பிகைபாகனுக்கு முகம் சுருங்கியது. பெரிய குடும்பங்கள்தான் அடிக்கடி கிணற்றுக்கு வரும்; அவர் எழுதியதில் பெரும்பாலும் அவர்கள்தான். சராசரி ஏறியது அதனால்தான்.

"நல்ல நேரத்தில சொன்னீங்கள்" என்றார்.

மறுநாள் லயத்தின் ஒரு கோடியிலிருந்து எட்டாவது வீடு, பதினாறாவது வீடு என்று எண்ணிப் போய்ப் பதினான்கு கதவைத் தட்டினார். ஐம்பத்தாறு பேர். வீட்டுக்கு நான்கு; மொத்தம் நானூற்று நாற்பத்தெட்டு. பிசகினாலும் குறையக் கூடாதென்று ஐந்நூறு பேருக்கு வைத்துவிட்டு, மீதியைக் காஹாங்குக்கு அனுப்பினார். இங்கே யாருக்கும் மாத்திரை பற்றாமல் போகவில்லை.

அடுத்த மாதம் காஹாங் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலைபார்க்கும் சபாபதி நேரில் வந்தார். "உங்க மாத்திரை வந்ததாலதான் எங்க ஜனம் எந்திரிச்சு உக்காந்துச்சு" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த நன்றியைத் தன்னிடம் வைத்துக்கொள்ள அம்பிகைபாகனுக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு லயத்துக்கே போனார்.

"காஹாங்கில இருநூறு பேருக்கு மருந்து கிடைச்சது உங்களால, அம்மா. மேலிடத்துக்கு உங்கட பெயரையும் எழுதியிருக்கிறன்."

பேச்சியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தாள். "என் பேரா?" என்று கேட்டவள் சிரித்துவிட்டாள். பிறகு மெதுவாக, "அங்க புள்ளைங்கல்லாம் பொழைச்சுக்கிச்சா ஐயா?" என்றாள்.

"எல்லாரும் பிழைச்சிட்டினம்."

அவள் காஹாங் இருந்த திசைக்குத் திரும்பி, கண்ணை மூடிக் கும்பிட்டாள்.