சுடுமணல் டப்பா

"பெட்டிய மூடிரலாமா?" என்று போதகர் கேட்டார். லோயிஸ் அப்பாவின் கையை விடவில்லை. அது சில்லிட்டிருந்தது.

"விடும்மா," என்றாள் அம்மா தபீதாள். "நேத்தெல்லாம் உன்னத்தான் கேட்டுக்கினே இருந்தாரு நைனா. பஸ்ஸுல வந்துக்கினு இருக்கான்னு சொன்னேன். சிரிச்சாரு."

அப்படிச் சொன்ன நேரத்தில் லோயிஸ் பஸ்ஸில் இல்லை. திருப்பதி ஆய்வுக்கூடத்தில், சுடுமணலில் புதைத்த கண்ணாடிக் குழாயின் முன் உட்கார்ந்திருந்தாள்.

அப்பாவுக்கு வயிற்றுத் தையல் பிரித்த அன்று வலியில் பல்லைக் கடித்தபடி அவர்தான் சொன்னார்: "இவ்ளோ படிக்கிறியே, தானா கரையற நூலு ஒண்ணு பண்ணேன்." அதற்காகத்தான் அந்தக் குழாய். அதற்குள் இரண்டு பொருள்கள் ஒரே சங்கிலியாகக் கோத்துக்கொள்ள வேண்டும். ஒன்று அவசரக்காரன்; முதலில் தன் இனத்தோடு மட்டும் கூட்டம் சேரும். சூடு குறையாமல் நெடுநேரம் வைத்தால்தான் அந்தக் கூட்டம் அறுந்து, மற்றதோடு கலந்து, மறுபடி கோக்கும். பாதியில் சூட்டை நிறுத்தினால் கூட்டம் கூட்டமாகவே நின்றுவிடும். அப்படிப்பட்ட நூல் உடம்புக்குள் சீராகக் கரையாது.

அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று நேற்றுக் காலையில் போன் வந்ததை, ஆய்வுக்கூட உதவியாளர் பச்சையப்பனிடம் அவள் மறைத்தாள். சொன்னால், நான் பார்த்துக்கொள்கிறேன், கிளம்பு என்பார். அவர் கையில் விட்டுப் போக மனம் வரவில்லை. பிற்பகலில் இரண்டாவது போன் வந்தது. ஹீட்டரை அணைத்துவிட்டு, அழுதுகொண்டே ஓடினாள். சித்தூர் வந்து சேர்ந்தபோது வாசலில் செருப்புகள் நிறைந்திருந்தன.

அங்கேயும் இல்லாமல், இங்கேயும் இல்லாமல்.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது பச்சையப்பன் மூச்சிரைக்க வந்தார். கையில் துண்டு சுற்றிய பால்பவுடர் டப்பா.

"நீ போனதுமே ஸ்விட்ச போட்டுட்டேம்மா. சூடு எறங்கவே இல்ல. நீ வெச்ச அளவுதான், விடியற வரைக்கும். அங்கயே வுட்டா எவனாச்சும் ஒடச்சுக் கழுவி வெச்சிருவான். அதான் குழாய மணலோட அள்ளிக்கினு வந்தேன்."

"ராத்திரி தூங்கலையாண்ணா?"

"வீட்ல மட்டும் தூங்க வுடுறாளா? கொறட்ட வுடறேன்னு வெரட்டறா." சொன்ன பிறகே குழி கண்ணில் பட்டது. துண்டின் நுனியை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "காலையிலயே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லி இருக்கலாமேம்மா?"

அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் லோயிஸால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

"மண்ணு போடும்மா," என்றாள் தபீதாள்.

லோயிஸ் ஒரு பிடி அள்ளினாள். இரவு மழையில் நனைந்த மண், குளிர்ந்திருந்தது. இடது கையில் டப்பா இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. மண்பிடித்த கையை அதன்மேல் சற்று நேரம் வைத்திருந்தாள்.

பிறகு குனிந்து போட்டாள்.