எல்லோரும் போட்ட மூணு

விடிவதற்கு முன்பே அந்த நிலவறையில் விரல்கள் ஓடத் தொடங்கிவிடும். மேல்மாடி ஆட்கள் வந்து கணினிகளை மொய்த்தால் இங்கே திரை நகராது; அதற்குள் முடிந்தவரை வேலையைத் தள்ளிவிட வேண்டும். குளிர்சாதனம் ஈரச்சாக்கு வாடையை ஊதிக்கொண்டிருக்கும். முதுகு கட்டையாகும், கண்ணில் மணல் அரிக்கும். கதவோ ஒப்பந்த முதலாளியின் அட்டைக்கு மட்டுமே திறக்கும். உள்ளே போனால் போனதுதான்.

மேலே இருந்த பெரிய நிறுவனத்தில் லட்சக்கணக்கான கோப்புகள் மூலைக்கு மூலை சிதறிக் கிடந்தன. தேடித் தரும் மென்பொருள் ஒன்றை வாங்கப் போகிறார்கள். போட்டியில் இரண்டு. ஒரே கேள்வியைக் கொடுத்தால் ஒன்று திரையின் இடப்பக்கத்திலும் மற்றது வலப்பக்கத்திலும் கோப்புகளைக் கொண்டுவந்து கொட்டும். ஒவ்வொன்றையும் திறந்து படித்து, பூஜ்யம் முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுவதுதான் நிலவறை ஆட்களின் வேலை.

"எனக்கே வரன் அமையல, இதுல கம்பெனிக்கு மாப்பிள்ளை பாக்குறேன்" என்பாள் டிகிரி. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் என்பதால் அந்தப் பெயர்.

"இடது மாப்பிள்ளை சரியான வாயாடிடி. கேக்காததையெல்லாம் கொண்டாந்து கொட்டுறான்" என்பாள் பக்கத்து நாற்காலி அக்கா. தையல் ஆலையில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு, மிச்சக் கண்ணோடு இங்கே வந்தவள். அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் அவள் ஒருத்திதான் ஆதரவு.

கேலி செய்யலாம். மதிப்பெண்ணைப் பற்றி மட்டும் மூச்சு விடக் கூடாது. ஒரே கோப்பு இரண்டு பேரிடம் போகும். யாரிடம் என்று தெரியாது. இருவர் மதிப்பெண்ணும் ஒத்துப்போகாவிட்டால் இருவருக்கும் பிசகு. வாரக் கடைசியில் பிசகு அதிகமானவருக்கு நாற்காலி கிடையாது. போன வாரம் போனவர் பழைய அச்சுக்கோப்பாளர். சாப்பாட்டுப் பையை எடுக்கக்கூட விடவில்லை.

ஒருநாள் கொதிகலன் பராமரிப்பு விதிகள் பற்றிய கேள்வி. இடது, கேன்டீன் வெந்நீர்ப் பானையின் ரசீதைக் கொண்டுவந்தது. வலது, அசல் விதிகளையே கொண்டுவந்தது. டிகிரி வலதுக்குத் துணிந்து ஐந்து போட்டாள். பிசகு என்று சிவப்பு எரிந்தது. அதே கோப்புக்கு வேறு யாரோ மூணு போட்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு அவள் கோப்பைப் பார்க்கவில்லை. இன்னொருத்தர் என்ன போடுவார் என்றுதான் பார்த்தாள். நடுவில் நின்றால் அடி படாது. மூணு. மூணு. மூணு. அப்பா மூட்டை தூக்கிப் படிக்கவைத்த மூளை, படிக்காமலே மூணு போடக் கற்றுக்கொண்டது. வீட்டுக்குப் போனால் சோறு இறங்கவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் முதலாளி படியில் தடதடவென்று இறங்கி வந்தார்.

"ரெண்டு மென்பொருளும் சமமாம்! ரெண்டுக்கும் மூணாம்! மேல என் மூஞ்சியில காறித் துப்பாத குறைதான். கூடிப் பேசித்தானே போட்டீங்க? யாரு தலைமை?"

டிகிரி மெல்லத் திரும்பினாள். ஒவ்வொரு முகத்திலும் தன் முகமே இருந்தது. யாரும் யாரோடும் பேசவில்லை. தனித்தனியே பயந்து, தனித்தனியே ஒரே எண்ணுக்கு வந்து ஒளிந்திருக்கிறார்கள்!

"இந்தாம்மா, நீ படிச்ச பொண்ணு" என்று அவர் அவள் மேசையில் கை ஊன்றினார். "பேரைச் சொல்லு. நாளையிலிருந்து இந்த அறைக்கு நீதான் மேற்பார்வை. இல்லன்னா உன் பக்கத்துல இருக்கறவங்கள்ல இருந்து ஆரம்பிக்கிறேன்."

அக்கா சேலை நுனியால் கண்ணைத் துடைத்தாள். அழுகையா, வழக்கமான நீரா, தெரியவில்லை. ஒரு பெயர் போதும். இந்த நிலவறையிலேயே ஒரு படி மேலே உட்காரலாம்.

டிகிரி நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். எழுந்து நின்றாள்.

"நான் மூணு போட்டேன் சார்."

"உன்னைக் கேக்கல."

"நானும்தான்" என்றாள் அக்கா. நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டன. "நானும்." "என்னையும் சேத்துக்குங்க."

"அத்தனை பேரையும் வெளிய தள்ளுவேன். வாசல்ல ஆள் வரிசையா நிக்குது."

"தள்ளுங்க" என்றாள் டிகிரி. "அவங்களும் பத்து நாள்ல மூணுதான் போடுவாங்க. சரியாப் போட்டா வேலை போகும்னு சட்டம் போட்டது நீங்க. வாரத்துக்கு ஒரு ஆளைக் கழிக்கிறதை நிறுத்துங்க. எங்களைப் பேச விடுங்க. அதுவரைக்கும் ஒரு மார்க்கும் மேல போகாது."

"போகாதா? பாக்கலாம்." அட்டையைத் தேய்த்து வெளியே போனார். கதவு அடைத்துக்கொண்டது.

பிறகு அக்கா தன் நாற்காலியை டிகிரியின் திரைக்கு முன் இழுத்துப் போட்டாள்.

"இதுக்கு எத்தனை போடுவே?"

"நாலு."

"நாலா? கண்ணு தெரியாத எனக்கே ரெண்டுன்னு தெரியுது!"

"ரெண்டாவது பக்கத்தைப் படி அக்கா மொதல்ல!"

பின்வரிசை ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் ஐந்து என்றார். நாலு பேர் சேர்ந்து அவரைச் சாடினார்கள். இன்னும் நாலு நாற்காலிகள் வந்தன. கையை ஆட்டிக் கத்திச் சண்டை போட்டார்கள். அனுப்பும் பொத்தானை யாரும் தொடவில்லை.

வெளியே படியில் காலடிகள் கேட்டன. இந்த முறை பல பேர். உள்ளே ஒருவரும் குரலைத் தாழ்த்தவில்லை.